கைபேசித் திரையில் கந்தரோடை: யாழ்ப்பாணத்து மரபுச் சின்னங்களும் மிகைமெய்த் தொழில்நுட்பமும்

அகழ்வாய்வுக் குழியில் கிடந்த பானை ஓடு நூதனசாலையின் கண்ணாடிப் பேழைக்குள் வந்து சேரும்போது, அதைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி வெளியிலேயே தங்கிவிடுகிறது. எந்த மண்ணடுக்கில் கிடந்தது, பக்கத்தில் எலும்பு இருந்ததா சாம்பல் இருந்ததா, ஓட்டின் வளைவைக் கொண்டு பார்த்தால் முழுப் பானை எவ்வளவு பெரியது என்பதெல்லாம் ஆய்வாளரின் குறிப்பேட்டில் இருக்கும். பார்க்க வருபவருக்குக் கிடைப்பது மூன்று வரிப் பெயர்ப்பலகை மட்டுமே. நல்லூரில், நாவலர் வீதியில், நாவலர் கலாசார மண்டபத்துக்குப் பின்புறம் உள்ள யாழ்ப்பாணத் தொல்பொருள் நூதனசாலையில் இந்தக் குறை கண்கூடு. வாசலில் கோட்டையிலிருந்து வந்த ஒல்லாந்தர் காலப் பீரங்கிகளும் திமிங்கில எலும்புகளும் இருக்கின்றன. உள்ளே கந்தரோடைச் சிற்பத் துண்டுகள் இருக்கின்றன. இவற்றுக்கு இடையில் என்ன தொடர்பு, ஒவ்வொன்றும் எங்கிருந்து எப்படி வந்தது என்று கேட்கும் பள்ளிப் பிள்ளைக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் வேண்டும். எல்லா நாளும் ஆள் இருப்பதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க உலகின் பல நூதனசாலைகள் கையாண்டுவரும் வழிகளில் ஒன்று மிகைமெய், ஏ.ஆர். என்ற இரண்டெழுத்தில் பலரும் அறிந்தது. மெய்நிகர் கருவி கண்ணை மறைத்துப் பார்வையாளரை வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோகிறது. மிகைமெய் அப்படிச் செய்வதில்லை. கண்முன் உள்ள பொருள் அங்கேயே இருக்க, கைபேசித் திரையிலோ கண்ணாடியிலோ அதன்மேல் கூடுதலாக ஒன்றைக் காட்டுகிறது. உடைந்த பானையை நோக்கிக் கமராவைப் பிடித்தால், உடைந்த இடத்திலிருந்து மீதிப் பானை திரையில் எழும்.

தொழில்நுட்பத்தின் வரலாறு நீண்டது. தலையில் அணியும் முதல் காட்சிக் கருவியை ஐவன் சதர்லாந்து 1968இல் அமெரிக்காவில் செய்து காட்டினார். விமானத்தின் மின்கம்பிகளைப் பொருத்தும் தொழிலாளருக்கு உதவ போயிங் நிறுவனத்தில் முயன்ற டொம் கோடெல் 1990இல் இதற்கு இன்றைய ஆங்கிலப் பெயரை இட்டார். 1997இல் ரொனால்ட் அசூமா எழுதிய ஆய்வுரை மூன்று நிபந்தனைகளை வகுத்தது: மெய்யும் படமும் சேர்ந்து தெரிய வேண்டும், பார்வையாளர் அசைய அசைய உடனுக்குடன் மாற வேண்டும், படம் வெளியில் தனக்குரிய இடத்தில் முப்பரிமாணமாக நிலைகொள்ள வேண்டும். 2017இல் அப்பிள் நிறுவனமும் 2018இல் கூகுளும் இதற்கான மென்பொருளைச் சாதாரணக் கைபேசிகளுக்குத் தந்த பிறகே, விலையுயர்ந்த தனிக் கருவி இல்லாமல் எவரும் பயன்படுத்தலாம் என்ற நிலை வந்தது.

மூன்று நிபந்தனைகளில் நூதனசாலைக்கு முக்கியமானது மூன்றாவது. கைபேசிக் கமரா தன் முன்னுள்ள காட்சியில் மூலைகள், விளிம்புகள், கறைகள் போன்ற அடையாளப் புள்ளிகளைப் பொறுக்கி எடுக்கிறது. கைபேசி எவ்வளவு சாய்ந்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதை உள்ளேயுள்ள உணரிகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்து, தான் எங்கே நிற்கிறது என்பதைக் கருவி ஒரு நொடிக்குள் பலமுறை கணக்கிட்டுக்கொள்கிறது. வெறும் வெள்ளைச் சுவர், மங்கல் வெளிச்சம், பேழைக் கண்ணாடியில் விழும் ஜன்னலின் பிரதிபலிப்பு ஆகிய மூன்றும் இந்தக் கணக்கைக் குழப்பும். சுண்ணாம்பு பூசிய சுவரும் ஒற்றை விளக்கும் உள்ள நம் ஊர்க் காட்சியறைகளில், மென்பொருள் எழுதத் தொடங்கும் முன் வெளிச்சத்தைச் சீர்செய்வதே முதல் வேலை.

மரபுச் சின்னங்களுக்கு இதைப் பயன்படுத்திய தொடக்க முயற்சிகளில் பேர்பெற்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் நடந்தது. 2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், கணினியை முதுகில் சுமந்து நடந்த பார்வையாளருக்கு இடிந்த கோயில்கள் முழுமையாகத் தெரிந்தன. 2010இல் இலண்டன் நூதனசாலை தன் பழைய புகைப்படங்களை அவை எடுக்கப்பட்ட தெருக்களிலேயே கைபேசியில் தெரியச் செய்தது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் டிட்ரொயிட் கலைக்கூடம் பார்வையாளர் கையில் தனிக் கைபேசியொன்றைக் கொடுத்தது. அதை எகிப்திய மம்மியை நோக்கிப் பிடித்தால், துணிச் சுற்றுக்குள் இருக்கும் எலும்புக்கூடு ஊடுகதிர்ப் படமாகத் தெரிந்தது. டில்லியில் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிரதமர்கள் நூதனசாலையிலும் மிகைமெய்க் காட்சிகள் உண்டு. ஆனால் டில்லியில் காட்டப்படுவது அண்மைக் கால அரசியல் வரலாறு. படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் அங்கே பஞ்சமில்லை. யாழ்ப்பாணத்தின் நிலைமை வேறு. இங்கே பலதும் இல்லை: எரிந்தவை, இடிந்தவை, ஊரை விட்டுப் போனவை, பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டு முன்னைய உருவை இழந்தவை. இல்லாததைக் காட்டக்கூடிய கருவிக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் அரிது. அதே காரணத்தால் தவறு நேரவும் இங்கே இடம் அதிகம்.

முதலில், இருந்தும் கண்ணுக்கு எட்டாத சிறு பொருட்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் குழு, பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில், 1980இல் ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமத்தலம் ஒன்றை அகழ்ந்தபோது முத்திரை ஒன்று கிடைத்தது. மோதிரத்தில் பதிந்திருந்த முத்திரை அது. அளவைச் சொல்ல வேண்டியதில்லை. மேல்வரியில் பெருங்கற்காலப் பானைகளில் காணப்படும் குறியீடுகள் உள்ளன. கீழ்வரியில் பிராமி எழுத்துகள் உள்ளன. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இதைக் ‘கோவேத’ என்று வாசித்தார்கள். வேறு வாசிப்புகளும் உண்டு. குடாநாட்டின் தொன்மை பற்றிய எந்தப் பேச்சிலும் இந்த முத்திரை வராமல் இருப்பதில்லை. ஆனால் அதன் வரிகள் இரண்டையும் தன் கண்ணால் பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

இத்தகைய பொருளுக்கு உரிய பதிவு முறை ஒன்று உண்டு. பொருளையும் கமராவையும் அசைக்காமல் வைத்து, விளக்கை மட்டும் பல திசைகளிலிருந்து மாற்றி மாற்றிப் பிடித்துப் படங்கள் எடுக்க வேண்டும். பிறகு கணினியில் வெளிச்சத்தை விரும்பிய பக்கத்துக்குத் திருப்பலாம். வெளிச்சம் பக்கவாட்டில் சாயும்போது, நேர்வெளிச்சத்தில் மறைந்திருந்த கீறல் நிழலுடன் எழுந்து நிற்கும். இதைக் கைபேசியில் சேர்த்தால், பார்வையாளர் விரலால் திரையில் வெளிச்சத்தை நகர்த்தி, கீழ்வரியின் ஒவ்வோர் எழுத்தையும் தானே தேடலாம். தேடிய பின் ஆய்வாளர்களின் வெவ்வேறு வாசிப்புகளை அந்த எழுத்தின்மேல் வைத்து ஒப்பிடலாம். கல்வெட்டறிஞரின் வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் உணர இதைவிட நல்ல வழி இல்லை. யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயங்களுக்கும் இது பொருந்தும். பேழையில் வைத்த நாணயம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். நந்தி பொறித்த பக்கம் தெரிந்தால் மறுபுறம் மறைந்துவிடும். திரையில் நாணயத்தைத் திருப்பலாம்.

இரண்டாவது, இந்த ஊரில் இல்லாதவை. வடமராட்சியில் வல்லிபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட புத்தர் சிலை ஒன்று யாழ்ப்பாணம் பழைய பூங்காவில் இருந்தது. 1906இல் ஆளுநர் ஹென்றி பிளேக் அதைச் சயாம் மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். அது திரும்பி வருமா என்பது அரசுகள் பேச வேண்டிய விடயம். ஆனால் முறையான அனுமதியுடன் எடுக்கப்படும் முப்பரிமாணப் பதிவைப் பழைய பூங்காவில் அது இருந்த சூழலிலேயே காட்டலாம். காட்டும்போது, அது ஏன் இங்கே இல்லை என்ற செய்தியையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

மூன்றாவது, பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டு முன்னைய உருவை இழந்தவை. இந்த வகைக்குக் கந்தரோடையே சிறந்த எடுத்துக்காட்டு. விரிவாகப் பார்க்கத் தக்கதும் அதுவே. யாழ் நகரிலிருந்து வடக்கே, சுன்னாகத்துக்கு அருகில், பனைகள் சூழ்ந்த சிறு வளவுக்குள் முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆன சிறிய தூபிகள் நெருக்கமாக நிற்கின்றன. சிவில் சேவை அதிகாரியும் வரலாற்றாசிரியருமான போல் ஈ. பீரிஸ் 1917இல் இங்கே ஆய்வைத் தொடங்கி, அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையின் குழு அகழ்ந்தது. பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. பின்னர் பொ. இரகுபதி குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகள் பற்றிய தம் ஆய்வு நூலில் (1987) இந்த இடத்தைத் தூபிகளோடு மட்டும் நிறுத்தாமல் ஒரு பெரிய குடியிருப்பாக வைத்துப் பார்த்தார். பக்கத்தில் ஓடும் வழுக்கை ஆறு மாரியில் மட்டும் நீர் காணும். பழைய காலத்தில் இந்த ஊரின் வாழ்க்கையை அதுவும் தீர்மானித்திருக்க வேண்டும்.

இன்று அங்கே செல்பவர் காணும் வடிவம் பழையதும் புதியதும் கலந்தது. அகழ்ந்தபோது பெரும்பாலும் அடித்தளங்களே எஞ்சியிருந்தன. இன்று நிற்கும் அரைவட்டக் குவிமாடங்கள் பலவும் தொல்பொருள் திணைக்களத்தின் புனரமைப்பு. தூபிகளின் உச்சிப் பகுதிக்குரிய கற்கள் வளவின் ஒரு பக்கத்தில் தனியே கிடக்கின்றன. பார்வையாளருக்கு இது தெரிவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக இப்படியே நின்றன என்று நம்பித் திரும்புகிறார். இங்கே மிகைமெய் செய்ய வேண்டிய முதல் வேலை எதையும் கட்டி எழுப்புவதல்ல. கட்டியதைப் பிரித்துக் காட்டுவது. திரையில் ஒரு தொடுகையில் பழைய வரிசைக் கற்கள் ஒரு நிறத்திலும் புனரமைத்த பகுதி இன்னொரு நிறத்திலும் தெரிய வேண்டும். அடுத்த தொடுகையில் அகழ்வாய்வுக் காலப் புகைப்படம் அதே கோணத்தில் நிலத்தின்மேல் பதிய வேண்டும். அதன் பிறகே, உச்சிக் கற்கள் அந்தந்தத் தூபியில் எப்படி அமர்ந்திருக்கலாம் என்ற ஊகம் புள்ளிக்கோட்டில் வரலாம்.

இந்த ஒழுங்கை யாழ்ப்பாணத்துச் சூழலில் எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். கந்தரோடைத் தூபிகள் எவை என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. துறவிகளின் சமாதிகள் என்பார் உண்டு. நேர்த்திக்கு எழுப்பியவை என்பார் உண்டு. பெருங்கற்கால ஈம மரபோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. யார் எழுப்பினார்கள் என்ற கேள்வி இன்றைய இன அரசியலுக்குள்ளும் இழுபட்டுவிட்டது. திரையில் ஒளிரும் முழு உருவத்துக்கு எழுத்தில் இல்லாத ஒரு வலிமை இருக்கிறது: கண்டதை மனம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். ‘இருந்திருக்கலாம்’ என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரையில் எழுதலாம். படத்தில் எழுத முடியாது, அதற்கென்று வேறு வழி செய்ய வேண்டும். கணினிக் காட்சிகளுக்கான நெறிமுறையாக 2009இல் செம்மைப்படுத்தப்பட்ட இலண்டன் சாசனம் இதைத்தான் கேட்கிறது: எது சான்று, எது அனுமானம், எந்த மூலத்தைக் கொண்டு இந்த வடிவம் முடிவுசெய்யப்பட்டது என்பதைப் பதிவு செய்து பார்வையாளருக்குத் தெரியச் செய்ய வேண்டும். இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே உள்ளடக்கம் இருக்க வேண்டும். ஒரு மொழிக்கு ஒரு வரலாறு என்றால், மிகைமெய் அந்தப் பிளவை ஆழமாக்கவே உதவும்.

நான்காவது, அடியோடு அழிந்தவை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் இதற்கு எடுத்துக்காட்டு. போர்த்துக்கேயர் 1618 முதல் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐங்கோண வடிவில் பெருப்பித்தார்கள். அதற்குள் 1706இல் எழுந்த தேவாலயம் நான்கு கையும் சமமான சிலுவை வடிவத் தரையமைப்பு உடையது. 1990இல் கோட்டை முற்றுகைக்கு உள்ளாகிப் போர் நடந்தபோது அது இடிந்துபோனது. இன்று அந்த இடத்தில் நிற்பவர் காண்பது கற்குவியல். ஆயினும் இந்தத் தேவாலயத்தை மீட்டுக் காட்டச் சான்றுக்குக் குறைவில்லை. 1877இல் வெளிவந்த லுடோவிசியின் தொகுப்பில் இலங்கையின் ஒல்லாந்தக் கல்லறைக் கற்கள் வரைபடங்களாக உள்ளன. ஜே. பி. லூவிஸ் 1913இல் வெளியிட்ட பட்டியல் கல்லறை வாசகங்களைச் சொல்லுக்குச் சொல் பதிந்தது. 1980களில் டபிள்யூ. ஏ. நெல்சன் இலங்கையின் ஒல்லாந்தக் கோட்டைகள் பற்றி எழுதிய நூலும் உண்டு. நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் கோட்டையின் வரைபடங்கள் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு எழுப்பும் உருவத்தில் ஊகத்தின் பங்கு சிறிதாகவே இருக்கும்.

எழுப்பலாம் என்பதால் 1706இன் வெண்சுவரை மட்டும் காட்டிவிட்டு நிற்கக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மத்திய கலாசார நிதியம், தொல்பொருள் திணைக்களம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து 2017, 2018 ஆண்டுகளில் கோட்டைக்குள் அகழ்ந்தபோது, ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே கடல் வணிகம் நடந்ததைக் காட்டும் வெளிநாட்டு மட்பாண்டங்கள் கிடைத்தன. தரையை நோக்கிக் கமராவைப் பிடித்தால் அந்த அடுக்குகள் ஒவ்வொன்றாக இறங்கித் தெரிய வேண்டும். மேலே வந்தால் தேவாலயம். அதற்கும் மேலே 1990இன் இடிபாடு. அந்தக் கடைசி அடுக்கை அழகுக்காக நீக்குவது வரலாற்றை நீக்குவது. நல்லூர் நூதனசாலையில் உள்ள விக்ரோறியா மகாராணியின் ஆளுயர ஓவியத்தில் சன்னங்கள் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. மென்பொருளால் அவற்றை மூடிப் புது ஓவியமாகக் காட்டுவது எளிய வேலை. துளை ஒவ்வொன்றும் இந்த ஊர் பட்டதன் சாட்சி என்பதால் அவை தெரியவே வேண்டும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் இன்னும் கவனமாக அணுக வேண்டிய இடம். 1959இல் திறக்கப்பட்ட கட்டடம் 1981 ஜூன் முதலாந் திகதிக்கு முந்திய இரவில் எரியூட்டப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இன்றைய வெள்ளைக் கட்டடத்தின் முன் நிற்கும் வெளியூர்ப் பயணிக்கு இந்தச் செய்தி எட்டுவதே அரிது; எனவே காட்ட வேண்டிய தேவை இருக்கிறது. தீச்சுவாலையை அசைவோவியமாக எழுப்புவது எந்த மென்பொருளாளருக்கும் ஒரு நாள் வேலை. அதைச் செய்யக் கூடாது. அன்று எரிந்ததைக் கண்டவர்கள் இன்றும் அதே படிகளில் ஏறிப் பத்திரிகை வாசிக்க வருகிறார்கள். எரிந்த கட்டடத்தின் புகைப்படம், இருந்த சுவடிகளில் பெயர் தெரிந்தவற்றின் பட்டியல், மெல்லிய குரலில் ஒரு விளக்கம், இவை போதும். அதுவும் பார்வையாளர் தானாகக் கேட்டால் மட்டுமே வர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை பதிவு வேலை. பெரிய கருவி இல்லாமலே தொடங்கலாம். ஒரு சிலையைச் சுற்றி நடந்து, அடுத்தடுத்த படங்கள் குறைந்தது 60 சதவீதமாவது ஒன்றையொன்று மேவும்படி நூற்றுக்கணக்கில் எடுத்தால், கணினி அவற்றைப் பொருத்தி முப்பரிமாண உருவம் தரும். மேகமூட்டமான நாளில் நிழல் கடுமையாக விழாது. ஆகவே யாழ்ப்பாணத்தில் வெளிப்புறச் சின்னங்களைப் படம் எடுக்க மாரிகாலத்து மழை ஓய்ந்த பொழுதுகள் உகந்தவை. கோடை வெயிலில் படம் எடுப்பது மட்டுமல்ல, படம் பார்ப்பதும் சிரமம்: கோட்டை மதிலின்மேல் நண்பகலில் கைபேசித் திரையில் எதுவும் தெரியாது. மரநிழலில், கூரை நிழலில் நின்று பார்க்கும் இடங்களைத் தேர்ந்து, அங்கிருந்து தெரியும் கோணத்துக்கே காட்சியை அமைக்க வேண்டும்.

தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. மிகைமெய்க் காட்சிகள் பெரும்பாலும் விளையாட்டு மென்பொருள் தளங்களில் ஆக்கப்படுகின்றன. அவற்றில் சிலவற்றின் எழுத்துக் கருவிக்குத் தமிழ் எழுத்தை இணைத்து எழுதத் தெரியாது. ‘கோட்டை’ என்று தட்டச்சினால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறித் தெரியும். இதைக் கவனிக்காமல் வெளியான செயலிகள் உண்டு. பெயர்ப்பலகையில் பிழை இருந்தால் ஊரே சுட்டிக்காட்டும். திரையில் பிழை இருந்தால் பார்ப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். எழுத்தை முன்னரே படமாக்கிச் சேர்ப்பது அல்லது இதற்கென உள்ள எழுத்து நூலகங்களை இணைப்பது போன்ற தீர்வுகள் இருக்கின்றன. அதைவிட நல்லது, குரலை முதன்மையாக்குவது. முதியவர்கள் சிறிய எழுத்தைத் திரையில் வாசிக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒருவர் சொன்னால் நின்று கேட்பார்கள்.

செலவு பார்வையாளர் தலையில் விழக் கூடாது. டேட்டா செலவழித்துப் பெரிய செயலியை வாசலில் இறக்கச் சொன்னால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். கியூ.ஆர். குறியைக் கமராவில் பிடித்ததும் உலாவியிலேயே திறக்கும் எளிய காட்சி, நூதனசாலைக்குள் இலவச இணையம், கைபேசி இல்லாத மாணவருக்கு இரவல் கொடுக்கச் சில டெப்லெட்டுகள் என்ற ஏற்பாடு போதும். தீவகத்திலிருந்து பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகளுக்குக் குழுவுக்கு ஒரு டெப்லெட் கொடுப்பது, ஆளுக்கு ஒன்று கொடுப்பதைவிட நல்லது. அப்போதுதான் ஒருவர் கண்டதை மற்றவரோடு வாதிப்பார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் வேண்டியிருக்கும்.

இதற்கு வேண்டிய ஆட்களும் இடங்களும் குடாநாட்டில் ஏற்கனவே இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் தொல்லியலும் கணினி விஞ்ஞானமும் கற்பிக்கப்படுகின்றன. இரு துறை மாணவரும் ஒரே குழுவில் இறுதியாண்டு ஆய்வு செய்யலாம். 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் யாழ்ப்பாணம் பற்றிய நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாக உள்ளன. இந்திய உதவியில் எழுந்து 2022 மார்ச்சில் திறக்கப்பட்டு, 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்ட கலாசார மையத்தில் நூதனசாலைக்கென்று தளங்கள் உண்டு. அங்கே முதல் காட்சியாக ஆனைக்கோட்டை முத்திரையை எடுத்துக்கொள்வது பொருத்தம்: பொருள் சிறியது, சான்று தெளிவானது, செலவு குறைவு.

கடைசியாகப் பராமரிப்பு. டிட்ரொயிட் கலைக்கூடம் நம்பியிருந்த, டாங்கோ என்ற கூகுளின் மிகைமெய்த் தளம், காட்சி தொடங்கி 14 மாதத்தில், 2018 மார்ச் முதலாந் திகதி கைவிடப்பட்டது. செயலிகளின் ஆயுள் சில ஆண்டுகளே. ஆகவே ஒவ்வொரு திட்டத்திலும் செயலி வேறு, பதிவு வேறு என்று பிரித்து வைக்க வேண்டும். மூலப் புகைப்படங்கள், முப்பரிமாண உருவக் கோப்புகள், எந்தச் சான்றைக் கொண்டு எந்தப் பகுதி வரையப்பட்டது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் எந்த நிறுவனத்தின் தனியுரிமைக்கும் உட்படாத பொது வடிவில் பல்கலைக்கழகத்திலும் எண்ணிம நூலகத்திலும் நாட்டுக்கு வெளியே ஓரிடத்திலுமாக மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். திட்டத்துக்குப் பணம் தரும் அமைப்பு எதுவாயினும், ஒப்பந்தத்திலேயே இதை எழுதிக்கொள்ள வேண்டும்.